மிதிக்காத பிரேக்

"வண்டியில இருக்கும்போது மட்டும் அவன்கிட்ட மெதுவா போங்கன்னு சொல்லிராத, கேட்டியா?" கல்யாணம் முடிந்த நாலாம் நாள் நாத்தனார் நாகம்மை சொன்னாள்.

"ஏன் மைனி?"

"சொன்னா இன்னும் வெரட்டுவான். சின்னதுலயே அப்பிடித்தான். செத்தவளுக்கு வாய் சும்மா கெடக்காது. சொல்லிச் சொல்லியேதான் போய்ச் சேந்தா."

அவியலுக்கு எவ்வளவு உப்பு என்று சொல்லிக் கொடுக்கிற அதே குரல். அதை நினைக்கும்போதெல்லாம் கோமளவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். மூத்த தாரம் உலகம்மை காய்ச்சலில் போனாள் என்றுதான் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். புருஷனின் காரில், ஆற்றுப்பாலத்து வளைவில், கல்தூணில் மோதிப் போனாள் என்று தெரிந்தது தாலி ஏறிய பிறகு. அப்பாவுக்கு முன்பே தெரியும் என்பது அதற்கும் பிறகு. நிறுத்துங்கள், இறங்கி நடந்தே போகிறேன் என்று கேட்க வேண்டும். பத்து மாதமாக, அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம், அதைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு வருகிறாள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

புருஷன் தாணுலிங்கத்தின் கார் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. கறுப்பு நிறம், நாலு கதவு, மணிக்குத் தொண்ணூறு மைல். மோதியதைச் சரிபண்ணிப் புதுசாக்கியிருந்தார். குலசேகரத்து எஸ்டேட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஐம்பது நிமிஷம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஆனி மாதத்திலிருந்து அதில் ஒரு சத்தம். இரும்புச் சட்டியை அடியோடு சுரண்டுகிற மாதிரி, சக்கரத்துக்குள்ளிருந்து வரும். கூடவே ஒரு தீய்ந்த நாற்றம்.

ஆவணியில் ஒரு மத்தியானம் ததேயுஸ் வந்தான். பட்டாளத்தில் லாரி பழுது பார்த்த கடற்கரைக்காரன். கார் ஷெட்டில் நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் டிரம்மை விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சத்தம் எப்போ வருது மொதலாளி, பிரேக்கை மிதிக்கும்போதா, மிதிக்காதப்பவா?"

"மிதிக்காதப்ப."

துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "சித்திரையில போட்ட பிரேக் லைனிங். அதுக்குள்ள தேஞ்சு, ரிவெட்டு வெளிய வந்து டிரம்மக் கீறியிருக்கு. டிரம்மு சூட்டுல நீலம் பாஞ்சு போச்சு. ஸ்பிரிங் சரி, பெடல் சரி. பிரேக்குல காலை வச்சுக்கிட்டே ஓட்டுனாத்தான் இப்பிடி ஆவும்."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்கியா? மீன்கூடை சுமக்க வேண்டிய சவம் எனக்குப் படிச்சுக் குடுக்கு."

"கூடை சுமந்தா இதவிட மரியாதை கெடைக்கும் மொதலாளி," என்றான் ததேயுஸ், குரலை உயர்த்தாமல். புது லைனிங் போட்டுச் சக்கரங்களை மாட்டி முடித்தான்.

தாணுலிங்கம் சட்டை மாற்ற உள்ளே போனார். ததேயுஸ் முன்பக்க இடது கதவைத் திறந்து, கீழே கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினான். அதில் குதிகால் அளவுக்கு ஒரு ஓட்டை. கீழே பலகையும் குழிந்திருந்தது.

"இந்தப் பக்கம் யாரும்மா இருப்பா?" ஷெட் வாசலில் நின்ற கோமளவல்லியிடம் கேட்டான்.

"நான்தான். பயத்துல காலை ஊணுவேன்."

"இருந்து காட்டுங்க."

உட்கார்ந்தாள். காலை எட்டின மட்டும் நீட்டினாள். ஓட்டை இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"இது ஒங்க காலு இல்ல," என்றான். உலகம்மை நெட்டை என்று ஊரெல்லாம் சொல்லும். எஸ்டேட்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகையறையிலிருந்து அன்றைக்கு எடுத்த ஷீட் ஒன்றை அவன் வெட்டி விரித்தான். "காலை மேல தூக்கி வச்சுக்கிடுங்கம்மா. அப்பவும் சத்தம் வருதான்னு பாருங்க."

தாணுலிங்கம் வந்து வண்டியைக் கிளப்பினார். "நீயே கேட்டுச் சொல்லு, சத்தம் வருதான்னு. பொறவு அவனை நிக்க வச்சு ஏசுகேன்."

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ரெண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் தலைகோர்த்து நிற்க, நனைந்த சருகின் புளித்த வாடையும் புது ஷீட்டின் புகைநாற்றமும் காருக்குள் கலந்து தொண்டையில் இறங்க, கோமளவல்லி சேலையை இழுத்துக்கொண்டு ரெண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி உட்கார்ந்தாள். முதல் மைல் அமைதி. அவர் சிரித்தார். வேகம் ஏறியது. ஐம்பது. அறுபது.

சுரண்டல் ஆரம்பித்தது.

அவள் குனிந்து பார்த்தாள். புது ஷீட் இளக்கமாக இருந்தது. அதன் நடுவில் மெல்ல ஒரு குழி விழுந்தது. குதிகால். பிறகு அகலப் பாதம். பிறகு விரல்கள், ஒன்றொன்றாக. தீய்ந்த நாற்றம் எழுந்தது. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி திணறியது.

"காலை எடுட்டி," என்று கத்தினார்.

"என் காலு மேலல்லா இருக்கு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலை எடு, உலகு. ஒன்கிட்ட எத்தனை மட்டம் சொல்லுகது."

தெரிந்திருக்கிறது. ஆனியிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ததேயுஸை ஏசினார். தெரிந்துதான் தினமும் அவளை அந்தச் சீட்டில் ஏற்றினார். அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சுரண்டல் உச்சத்துக்குப் போனது. அறுந்தது.

அமைதி.

"பாத்தியா. சத்தம் இல்ல."

சாலை இறக்கத்தில் விழுந்தது. கீழே பாலம் தெரிந்தது. வளைவு. புதிதாக நட்ட கல்தூண். அவர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரை போயிற்று. வண்டி பிடிக்கவில்லை. மறுபடியும் மிதித்தார். மறுபடியும்.

"கோமளம்," என்றார். அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

அவள் திரும்பவில்லை. ஷீட்டில் குதிகால் மட்டும் அழுந்தியிருந்தது. விரல்கள் பதிந்த குழிகள் மேலெழுந்து சமமாகிவிட்டன. பிரேக்குக்கு மேலே தூக்கிப் பிடித்த கால். மிதிக்கவும் இல்லை, போகவும் இல்லை. காத்துக்கொண்டிருந்தது.

கல்தூண் பெரிதானது.

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, வண்டிய நிறுத்துங்க. நான் எறங்கணும்."