தெம்பே சம்பலில் தோரியம்!

போன் அலறியது!

கூலாய் நகரப் போலீஸ் இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன் வாய் நிறையச் சோற்றோடு எடுத்தார். சாப்பிடும்போது போன் வந்தால் அவருக்குப் பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும்?

"சார், செடெனாக் ஆராய்ச்சிக் கூடத்துலேருந்து டாக்டர் சிந்துஜா பேசுறேன்... ஒரு பூஞ்சைக் கட்டி திருடு போயிருச்சு!"

"காளான் காணோம்னா மார்க்கெட்டுக்குப் போங்க லா!"

"ஐயோ சார், அது ஆலைக் கழிவுத்தண்ணியில இருந்த தோரியத்த உறிஞ்சி எடுத்த கட்டி. கதிர்வீச்சு! வாயில போட்டா ஆளு காலி!"

"பாக்க எப்படி இருக்கும்?"

"வெள்ளையா, தட்டையா... சோயாவுல செய்வாங்களே, அச்சு அசல் அந்தத் தெம்பே மாதிரி! எங்க லேப் பிரிட்ஜ் ரிப்பேர். அதான் கேண்டீன் பிரிட்ஜுல வெச்சேன்..."

ரூபேந்திரன் மெல்லுவதை நிறுத்தினார்.

எதிரே பொட்டலத்தில் தின்றது போகப் பாதி தெம்பே சம்பல், அந்த மிளகாய் வறுவல்... ரோந்து போனபோது அதே கேண்டீனில், சமையல்கார மலர் அக்காவிடம் பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணியது!

"அலமாக்! செத்தேன்!"

ஜீப் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பறந்தது. பின்சீட்டில் இருந்தபடி மனைவிக்குப் போன் போட்டார்.

"சந்திரமதி... நான் போறேன்மா. இதச் சொல்லலன்னா என் கட்ட வேகாது. உங்கம்மா வரும்போதெல்லாம் பத்து பாகாட் ஊர்ல அவசர கேஸுன்னு ஓடுவேனே... கேஸே இல்ல. மீன் பிடிக்கப் போனேன்!"

மறுமுனையில் அவள் அழுகிறாள் என்று நினைத்து இவரும் அழுதார். பாவம், மனுஷன்!

கூடத்தில் சிந்துஜா கதிர்வீச்சு மீட்டரை அவர் தொப்பையில் வைத்தாள்.

சத்தமே இல்லை!

"அது நான் கடையில வாங்குன தெம்பே!" மலர் அக்கா கொதித்தாள். "இவங்க கட்டிய யாரு தொட்டா?"

"அப்ப அது எங்க?"

தேடினார்கள். மேஜை... குப்பைத்தொட்டி... மலர் அக்காவின் கைப்பை கூட! கடைசியில் லேபில் இருந்த ஈயப்பெட்டியைத் திறந்தார்கள். மீட்டர் கிரீச்சிட்டது!

சிந்துஜா நெளிந்தாள். "காலையில நானே மாத்தி வெச்சேன் சார்... மறந்தே போச்சு."

"மொதல்ல இங்க பாத்திருக்கலாமே!"

"இருக்க வேண்டிய எடத்துல யாரு சார் தேடுவா?"

போகட்டும்! உயிர் பிழைத்தாயிற்று! ரூபேந்திரனுக்கு மலர் அக்காவைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

மறுபடி போன். சந்திரமதி!

"உசிரோடதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. நீங்க பேசுனப்ப அம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. ஸ்பீக்கர்ல எல்லாத்தையும் கேட்டாங்க. ஒரு மாசம் நம்ம வீட்லதான் தங்கப் போறாங்களாம்... சீக்கிரம் வாங்க!"

ரூபேந்திரன் மெல்லத் திரும்பினார்.

"டாக்டர்... அந்தக் கட்டியில ஒரு துண்டு எனக்கு வறுத்துக் குடுப்பீங்களா? காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்!"