கோர்ட்டில் காயும் மல்லாட்டை

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் ஜெப்சியின் வீட்டில் சண்டை நிச்சயம். பெரிய சண்டையெல்லாம் இல்லை. எந்தக் கூடைப்பந்துப் படம் பார்ப்பது என்கிற சண்டைதான்.

ஜெப்சியின் அப்பா சைலஸ் சந்தவாசலில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு புரொஜெக்டரும் அவரிடம் இருந்தது. அது சும்மா இருக்கும் நாளில் வீட்டுச் சுவர்தான் தியேட்டர். படங்களின் ஆங்கிலப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது 'குள்ளன் படம்'. அம்மாவுக்கு 'அழுகைப் படம்'. ஒவ்வொரு முறையும் அழுது முடித்து, "இன்னா அருமையான படம்!" என்று மூக்கைத் துடைத்துக்கொள்வார். ஜெப்சிக்கு எப்போதும் 'பஸ் படம்'தான். ஆட இடமே இல்லாத பிள்ளைகள் ஓட்டை பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விளையாடி ஜெயிக்கும் கதை அது.

இப்போது ஜெப்சி ஆடும் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். இடம் இருந்தது. ஆனால் அதில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது.

ஊரிலேயே நல்ல சிமெண்ட் தரை என்றால் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தளம் ஒன்றுதான். அறுவடை முடிந்ததும், பள்ளிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த பாஞ்சாலை அத்தை தன் கடலையை எல்லாம் கொண்டுவந்து அங்கே பரப்பிவிட்டார். வருஷா வருஷம் நடப்பதுதான் என்பதால் பள்ளியிலும் யாரும் தடுக்கவில்லை. பரப்பியதோடு விடாமல், கையில் ஒரு குச்சியோடு காவலுக்கும் நின்றார்.

"மல்லாட்டைய மிதிச்சா ஒடைஞ்சிரும். அப்பறம் வெதைக்கு ஒதவாது. தள்ளிப் போங்க பசங்களா!"

போளூரில் நடக்கும் போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஜெப்சியின் அணி போகப்போகும் முதல் போட்டி அது. அணித் தலைவி வெண்ணிலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பயிற்சியே இல்லாம போளூர்ல போய் இன்னாடி பண்றது? மானம் போய்டும்."

ஜெப்சிக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"பஸ் படத்த ஊருக்கே போட்டுக் காட்டலாம். ஆட எடமில்லாம அந்தப் பசங்க படற பாட்டப் பாத்தா அத்தைக்கு மனசு எளகிடும். கோர்ட்ட நமக்கே வுட்ருவாங்க!"

அப்பா உடனே சரி என்றார். படம் போடச் சொன்னால் அவர் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். பள்ளித் தலைமை ஆசிரியையும் அனுமதி கொடுத்தார்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பள்ளிச் சுவரில் படம் ஓடியது. ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. பாஞ்சாலை அத்தை குவித்து மூடிய கடலையில் சாய்ந்தபடி முதல் வரிசையில் இருந்தார்.

படம் ஆங்கிலத்தில் இருந்ததால் அப்பாவே மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் தமிழில் பேசினார். படத்தில் இல்லாததையும் சேர்த்துப் பேசினார். எதிரணி ஆள் இடித்தால், "அய்ய, இது ஞாயமா? நீ நல்லா இருப்பியா?" என்று அவரே கோபப்பட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசிக் காட்சி வந்தது. நேரம் முடியப் போகிறது. பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு உள்ளே விழுந்தது!

எல்லாரும் எழுந்து கத்தினார்கள். பாஞ்சாலை அத்தையின் கண்களில் தண்ணீர். ஜெப்சி வெண்ணிலாவின் விலாவில் இடித்தாள். "பாத்தியா! ஜெயிச்சிட்டோம்!"

அத்தை நேராக ஜெப்சியிடம் வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அது இன்னா தரை! கண்ணாடி மாரி பளபளன்னு! அதுல மல்லாட்டைய போட்டா ஒரு கல்லு மண்ணு ஒட்டாதே!"

"ஆமாங்க," என்றார் பின்னாலிருந்த பழனி மாமா. "எவ்ளோ பெரிய எடம்! நெல்லு, கேவுரு, எல்லாத்தையும் காய வெக்கலாம். அதப் போய் வீணா வெச்சிருக்காங்க."

ஜெப்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "நான் தொண்ட தண்ணி வத்தப் பேசறேன், அவங்க தரையப் பாத்துகினு இருந்திருக்காங்க!" என்றார். ஜெப்சி சிரிக்கவே இல்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஜெப்சி தளத்தின் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று நடந்தாள். ஆனால் ஓர் ஆடு கத்தும் சத்தம் அவளைத் திரும்ப வைத்தது.

பாஞ்சாலை அத்தை தனியாகக் கடலையைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் குவித்தால் மறுபக்கம் ஆடு வந்து வாய் வைத்தது. அதைத் துரத்தப் போனால் காற்றில் தார்ப்பாய் பறந்தது. அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஜெப்சிக்குக் கோபம் போகவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே போய் ஆட்டை விரட்டினாள். தார்ப்பாயை இழுத்துப் பிடித்தாள்.

"வெயில் இன்னும் இருக்குதே அத்தை? ஏன் இப்பவே அள்றீங்க?"

"இதெல்லாம் ஒரு வெயிலா கண்ணு? நாலு மணிக்கு மேல சூடே இல்ல. பனி எறங்கறதுக்குள்ள மூடணும். ஒண்டியா அள்றதுக்குள்ள இருட்டிப் பூடுது."

ஜெப்சி அத்தையைப் பார்த்தாள். கடலை அள்ளிய வெறும் தரையைப் பார்த்தாள். அடுத்த நொடி ஓட்டமாக ஓடி, வெண்ணிலாவையும் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வெளாடக் கூப்ட்டியா, வேலைக்குக் கூப்ட்டியா?" என்று வெண்ணிலா முணுமுணுத்தாள். ஆனாலும் கூடையை எடுத்தாள். ஆளுக்கொரு மூலையிலிருந்து அள்ளினார்கள். அத்தை மூச்சு விடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தரை சுத்தமாகக் கிடந்தது. ஜவ்வாது மலை மேல் சூரியன் இன்னும் இறங்கவில்லை.

"அத்தை, தெனமும் நாங்களே அள்ளி மூடித் தர்றோம். இருட்ற வரைக்கும் இங்க வெளாடிக்கட்டா?"

"வெயில் போன தரைய வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? ஆடுங்களேன்!" என்ற அத்தை, திடீரென்று இடுப்பில் கை வைத்தார். "அடிப்பாவி! இத மொதல்லயே வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா? இதுக்கா ஊரக் கூட்டிப் படம் காட்ன?"

வெண்ணிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த முறை ஜெப்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று முதல் தினமும் மாலையில் பந்து துள்ளியது. அத்தை உடனே வீட்டுக்குப் போவதில்லை. கடலைக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். இரண்டே நாளில், யார் யாரிடம் பந்தைத் தர வேண்டும் என்று உத்தரவு போடவும் தொடங்கிவிட்டார்.

போட்டி நாளும் வந்தது. அணியோடு அத்தையும் போளூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பந்து ஜெப்சியின் கைக்கு வந்தது. எதிரே இருந்தவர்கள் எல்லாரும் அவளைவிட உயரம். போடலாமா, வேண்டாமா என்று அவள் தயங்கி நின்றாள்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"ஜெப்சி! அந்தப் படத்துல மாரி கடைசி வரைக்கும் இழுக்காத கண்ணு, எனுக்கு நெஞ்சு தாங்காது! இப்பவே போட்ரு!"

கூட்டம் சிரித்தது. நடுவர்கூடச் சிரித்துவிட்டார். ஜெப்சியின் தயக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவள் அப்போதே பந்தை வளையத்துக்குள் போட்டுவிட்டாள்.