பொந்தின் வாய்

படுக்கையறைக் கதவின் கீழ்விளிம்பில் ஈரமண் அப்பியிருந்தது.

கறையான் என்றே முதலில் எண்ணினார் சரணாலயத்து ஜீப் ஓட்டுநர். மாலை வெயில் மலையடிவாரக் குடியிருப்பை விட்டு இன்னும் இறங்கவில்லை. மரஅணில் ஒன்று கூரைக்கு மேலே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே நிறைமாத மனைவி உறங்கிக்கொண்டிருப்பாள். பழப்பையுடன் குனிந்து முகர்ந்தார். அழுகிய அத்திப்பழமும் பறவையெச்சமும் குழைந்த வாடை.

பன்னிரண்டு நாள்களுக்கு முன்பு, மலைவளைவில் அவர் ஓட்டிய வேகத்தில், தாழப் பறந்துவந்த ஆண் இருவாச்சி முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. அலகில் அத்திப்பழம் அப்படியே இருந்தது. பார்த்தவர் எவருமில்லை. பள்ளத்தில் வீசிவிட்டார்.

மூன்றாம் நாள் வனக்காவலர் கேட்டார். "என்ன டிரைவரே, பெரிய மரத்து மாப்பிள்ளையைக் காணோமே. பொண்டாட்டி பொந்தை மண்ணால அடைச்சுக்கிட்டு குஞ்சோட உள்ள உக்காந்திருக்கா, பிளவு வழியா பழம் ஊட்ட வேண்டிய இவன் ஊர் சுத்தப் போயிட்டான் போல. வழியில பாத்தீங்களா?"

"இல்லையேண்ணே."

"செத்துட்டான்னு தெரிஞ்சா ஏணி போட்டு நாமளே பழம் குடுத்துடலாம். தெரியாம கிட்டப் போனா ஜோடியே மிரண்டுடும்."

"வந்துடும்ணே."

பிரசவ நேரத்தில் வேலை போய்விடக்கூடாதே என்று வாயை மூடிக்கொண்டார். இன்று காலை, பொந்துக்குள் அசைவே இல்லை என்றார் வனக்காவலர்.

கதவைத் தள்ளினார். அசையவில்லை. மண் இப்போது தாழ்ப்பாள் வரை ஏறியிருந்தது. உள்ளிருந்து ஓசை. வழிப்பது போல. தட்டுவது போல. மார்பளவு உயரத்தில் ஒரு பிளவு மட்டும் மிஞ்சியிருந்தது.

"ஏம்மா, கதவைத் திற."

"பசிக்குதுங்க." மெலிந்த குரல். "பன்னெண்டு நாளா ஏன் வரலை?"

காலையில் அவர்தாம் அவளுக்குப் பரிமாறினார்.

பழத்தைப் பிளவினுள் திணித்தார். உள்ளே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான்தான் இடிச்சேன்," என்றார். "நான்தான் மறைச்சேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ஓசை நின்றது.

"இப்பவா சொல்றீங்க."

பிளவில் விரல்கள் தோன்றின. தோலும் எலும்புமாய். அவர் அணிவித்த மோதிரம் கணுவில் தொங்கியது. விரல்கள் ஈரமண்ணைக் கீழிருந்து மேலாக, பொறுமையாக, பூசத் தொடங்கின.

அவ்விரல்களுக்குப் பின்னே, இருட்டில், சிறியதொரு வாய் ஓசையின்றித் திறந்து திறந்து மூடிற்று.

விரல்கள் பூசிக்கொண்டேயிருந்தன.