ராஜாவின் வெறும் பெட்டி

"ஐயோ!"

பாட்டுக் குழுவிலிருந்து எழுந்த அலறலில் பூசை நின்றது.

ஐந்நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன இங்கிலாந்து ராஜாவுக்கு லண்டன் கத்தோலிக்கக் கோயிலொன்றில் இறந்தோர் பூசை. உடல் இல்லாத பூசை என்றால், அடியில்லாத மரப்பெட்டியை நடுக்கோயிலில் கவிழ்த்துக் கறுப்புத் துணி போர்த்துவார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது.

இன்று துணிக்கடியில் ஒரு சப்பாத்து நீட்டிக்கொண்டிருந்தது... காலோடு!

பெட்டியைத் தூக்கினார்கள். கொட்வின்! போன மாதம்தான் இந்தப் பங்குக்கு வந்து, கோயில் வேலைகளுக்கு உதவிக்கொண்டிருந்தவர். வாயில் நுரை.

இன்ஸ்பெக்டர் தயாளினி வந்தாள். ஆர்ச்வே முருகனைக் கும்பிடுகிறவள். பூசை என்றால் அவளுக்குத் தேங்காய் உடைப்பது மட்டும்தான் தெரியும்.

"கோயில் சாவி ஆரிட்டை?"

"என்னட்டைத்தான்." கோயிலைப் பராமரிக்கும் பெனடிக்ற் சாவிக்கொத்தை நீட்டினார். "ஆனா நான் ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை!"

"நேற்று கொட்வினோட சண்டை பிடிச்சனீங்களாம்?"

"அது... பெட்டி வைக்கிறதிலை சின்ன வாக்குவாதம்..."

கைவிலங்கு வெளியே வந்தது!

பெனடிக்றின் மனைவி மெற்றில்டா பூச்சாடியை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அவரை விடு பிள்ளை! அவருக்கு எறும்பு நசுக்கவும் ஏலாது. இது ஆரோ விசரன்ரை வேலை."

"விசரன்தான் அன்ரி. சவத்தை இழுத்துப் போட்டிட்டு, பிறகு மினக்கெட்டுச் சுத்தித் திருப்பியிருக்கிறான். தலை பீடத்துப் பக்கம். ராஜா எண்ட நினைப்பாக்கும்!"

"ராஜாவுக்கும் கால்தான் பீடத்துப் பக்கம். பூசை வைக்கிற சுவாமிமாருக்குத்தான் தலையை... இவரும் ஒரு..."

நாக்கைக் கடித்தாள். பிந்திவிட்டது!

பெனடிக்ற் மனைவியையே பார்த்தார்.

"கொட்வின்... சுவாமியோ? இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சண்டைக் காலம், நீங்கள் அப்ப லண்டனிலை. எங்கட மகன் அபிஷனை மன்னார்க் கோயிலுக்குள்ளை ஒளிச்சு வைச்சனான். தேடி வந்தவங்களுக்குக் கைகாட்டினது இந்தச் சுவாமிதான். கொண்டுபோன பிள்ளை திரும்பி வரேல்லை. அங்கியைக் கழட்டினா முகம் மறந்திடுமோ? பிளேன்ரீக்குள்ளை நஞ்சு கலந்து குடுத்தன்!"

பெனடிக்ற் அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மெற்றில்டா பெட்டியைக் காட்டினாள்.

"ராஜாவுக்கு இண்டைக்கும் வெறும் பெட்டி வைச்சுப் பூசை. என்ரை பிள்ளைக்கு அந்த வெறும் பெட்டிகூட இல்லை!"

விலங்கு கை மாறியது. தயாளினிக்கு மனம் கசந்தது.

"கொன்ற பிறகும் ஏன் அன்ரி அவருக்கு அந்த மரியாதை?"

மெற்றில்டா கசப்பாகச் சிரித்தாள்.

"ஞானோபதேச வகுப்பிலை முதற்பரிசு எடுத்தனான், பிள்ளை. படிச்ச படிப்பு மாட்டிவிட்டிட்டுது!"