தாளம் நின்ற பிறகும்...

"மேடம், சத்தம் கேட்டா மட்டும் பட்டன அமுக்குங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனின் குரலில் பொறுமை இருந்தது. கண்களில் இல்லை. பெரிய கண்கள்... காலையிலிருந்து ஊரார் காதுகளையெல்லாம் சோதித்துக் களைத்துப் போன கண்கள்.

"கேட்டுச்சே..."

"ஆனா நீங்க சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல அமுக்குறீங்க."

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. பீப்... பீப்... என்று அவன் அனுப்பியதற்கெல்லாம் அவள் கட்டைவிரல் இடையிடையே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாம் தொழில் புத்தி. அவள் கிதார் வாசிப்பவள். பங்க் ராக்கின் அடிதடியும் ஃப்ரீ ஜாஸின் கட்டற்ற போக்கும் கலந்த இசை. அவளும் ஒரு ட்ரம்ஸ்காரனும் மட்டுமே குழு. எழுதி வைத்த பாட்டு என்று எதுவும் கிடையாது. ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் அந்த நொடியிலேயே பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க ஒண்ணு சொன்னீங்க. நான் பதில் சொன்னேன்."

"இது கச்சேரி இல்ல மேடம். காது பரிசோதனை."

"உங்க பீப்புக்குத் தாளமே சரியில்ல சார். அதான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன்."

அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரிக்கிறானா என்ன...? பீப் சார் என்று அவள் மனசுக்குள் பெயர் வைத்தாள்.

ஆனால் முடிவைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. இடது காதில் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் பெரும்பாலும் போய்விட்டன. போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் வாசிக்கும்போது இயர் பிளக் போட்டே ஆக வேண்டும்.

"காத அடைச்சுக்கிட்டு வாசிக்கச் சொல்றீங்களா?"

"இல்லன்னா இருக்கிறதும் போயிடும்."

"போனா போகட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

"எங்க வாசிக்கிறீங்க மேடம்?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம், டயர் கடைக்குப் பின்னால இருக்கிற ஹால்ல. வந்தா தாங்க மாட்டீங்க."

வெளியே மழை. வலது காதில் சடசடவென்று கேட்ட அதே மழை, இடது காதில் வெறும் மந்தமான இரைச்சலாக இருந்தது. அவளை இழுத்துக்கொண்டு வந்த அக்கா குடையோடு நின்றிருந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"காது நல்லா இருக்காம்க்கா."

"இவ்வளவு நாளா செவிடன் காதுல ஊதின சங்குன்னு மனச தேத்திக்கிட்டிருந்தேன். காது நல்லா இருந்துமா என் பேச்ச கேக்கல?"

அவளுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. வருஷக்கணக்காக கனமான ஆம்ப் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு படியேறி, காலி நாற்காலிகளுக்கு வாசித்து, திரும்ப அதையே தூக்கிக்கொண்டு இறங்கி... இப்போது காதும். விஷயம் தெரிந்தால் ட்ரம்ஸ்காரன் வேறு கிதாரைத் தேடிக்கொள்வான். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காது பரிசோதனைக்காரன் வந்துவிட்டான். அதுவும் முதல் வரிசையில். காதில்... இரண்டு ஆரஞ்சு நிற இயர் பிளக்!

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே வாசித்தாள். வழக்கம்போலக் கூட்டத்தில் பாதி எழுந்து போனது. அவன் அசையவில்லை. அந்தப் பெரிய கண்கள் அவள் விரல்களை விட்டு நகரவே இல்லை.

அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து வாசிக்கும் ட்ரம்ஸ்காரனை எல்லோரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். முடிக்கிற நேரம் வந்தால் அவன் வெண்கலத் தட்டின் விளிம்பில் குச்சியால் மெல்லத் தட்டுவான். உடனே இருவரும் ஒன்றாக நிறுத்த வேண்டும். கடைசியில் அவன் தட்டியது அவளுக்குக் கேட்கவில்லை. தாளம் நின்ற பிறகும் அவள் கிதார் தனியாக அலறிக்கொண்டிருந்தது. ஏதோ தோன்றித் திரும்பினால்... இடி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மிச்சமிருந்தவர்கள் கை தட்டினார்கள். "கடைசில தனியா போனே பாரு... மிரட்டிட்ட!" என்றான் இடி. இந்த இசையில் எது தவறு என்று யாருக்கும் தெரியாது. பல மாதங்களாக அவள் ஒளிந்துகொண்டிருந்தது அந்த வசதியில்தான்.

வாசல் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கி நின்ற பீப் சாரிடம் நேரே போனாள்.

"காத பொத்திக்கிட்டுக் கேக்கறதுக்கு எதுக்கு சார் வரணும்?"

"பொத்தல மேடம். சத்தத்தக் குறைச்சேன். அப்பதான் உள்ள நடக்கிறது தெளிவா கேக்கும்."

"என்ன கேட்டுச்சாம்?"

"ஆரம்பத்துல ட்ரம்ஸ் கொஞ்சம் தடுமாறுச்சு. நீங்க ஒரே சுரத்துல நின்னு அவருக்காகக் காத்திருந்தீங்க. அடிதடிக்குள்ள அவ்வளவு பொறுமை..." தயங்கினான். "இன்னிக்கு முன்னாடி வாசிச்சதுலெல்லாம் அவர் தட்டுனதும் நிறுத்தினீங்க. கடைசித் தடவ உங்களுக்குக் கேக்கல. இல்லையா?"

இடி பக்கத்தில் இருக்கிறானா என்று அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும். அவர் உங்க வலது பக்கம் உட்கார்ந்தாலே பாதி சரியாயிடும்."

"என் வேலைய எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

மழையிலேயே இறங்கி நடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாசிப்பை இவ்வளவு கவனமாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவனிடமே எரிந்து விழுந்தாயிற்று. அதை நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

அடுத்த ஒத்திகையில் பல்லைக் கடித்துக்கொண்டு இடியிடம் சொல்லிவிட்டாள். அவன் எழுந்து ட்ரம்ஸை ஒவ்வொன்றாக அவளுக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டான்.

"எருமை... இத சொல்ல இவ்வளவு நாளா?"

அவள் ஆம்பின் மேல் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

பிறகு காது பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"இயர் பிளக் வேணும். என் காதுக்கு அளவெடுத்து."

"அச்சு எடுக்கணும் மேடம். பசை இறுகுற வரைக்கும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. தாடை அசைஞ்சா போச்சு."

இடது காதுக்குள் குளிர்ந்த பசை மெல்ல நிறைந்தது. அவன் சுற்றிவந்து அவள் வலது பக்கம் உட்கார்ந்தான்.

"நீங்க திருப்பி அடிக்க முடியாத நேரம் இதான். அதனால சொல்லிடறேன்... எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. அன்னிக்குக் கோவமா போனதுலேர்ந்து, கதவு தொறக்கும்போதெல்லாம் நீங்கதானோன்னு பாக்கறேன். வர்றதெல்லாம் காது கேக்காத தாத்தாங்களா இருக்காங்க."

அடக்கினாள்... முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"அச்சு கோணிடுச்சு" என்றான் பரிதாபமாக.

பசையை எடுத்ததும் அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நான் ரொம்பக் களைச்சுப் போயிருக்கேன் சார். காதலிக்கக்கூட தெம்பில்ல."

"பரவாயில்ல. கொஞ்ச நாளைக்கு நான் ஒருத்தனே பாத்துக்கறேன். நீங்க மெதுவா வந்து சேர்ந்துக்கோங்க."

அவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள். அவளுடையதைப் போலவே சோர்ந்த கண்கள். ஆனாலும் காத்திருந்தன.

"எனக்கும் உங்கள புடிச்சிருக்கு" என்றாள். "அத சொல்ற அளவுக்குத் தெம்பு இருக்கு."

அவன் புதிதாகப் பசை பிசைய ஆரம்பித்தான். அவளையே பார்த்துக்கொண்டு பிசைந்ததில் அது கையிலேயே இறுகிப்போயிற்று.