பெட்டிமேல் நான்கு எழுத்து

"அண்ணே, நேத்து நீங்க குடுத்தீங்களே ரிஜிஸ்தர் பார்சல், அதுல வந்த டி.வி.டி.யைக் காணோம்!"

சிந்துஜா மூச்சு வாங்கச் சொன்னதும் பாலகுமார் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த கடிதங்களை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். தபால்காரனாகச் சேர்ந்த இந்த ஒன்பது வருடத்தில் அவன் படிக்காத துப்பறியும் நாவல் இல்லை. ஆனால் சிதம்பரத்தில் அவனைத் தேடி ஒரு குற்றம் வந்தது இதுதான் முதல் தடவை.

"உள்ள வாம்மா, முதல்ல உக்காரு" என்றார் போஸ்ட் மாஸ்டர் லோகநாயகி. தராசில் இருந்த ஊறுகாய்ப் பார்சலின் எடையை நிதானமாகக் குறித்துக்கொண்டார். "இப்ப சொல்லு."

சிந்துஜா பக்கத்துக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. கடலூர் செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். மாணவர் திரைப்பட மன்றத்தின் செயலாளர். மன்றம் அந்த வாரம் மூன்று ரஷ்யப் போர்ப் படங்களைத் திரையிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு படங்கள் முடிந்துவிட்டன. உட்கார இடமில்லாமல் ஜன்னலில் ஏறி நின்று பார்த்தார்கள். மூன்றாவது படம் இன்று, சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு.

"நேத்து மதியம் பார்சலைப் பிரிச்சு அஞ்சு நிமிஷம் போட்டுப் பாத்தோம் மேடம். ஒரு அம்மா ரயில் பின்னாடியே ஓடுறாங்க, 'வேரா, வேரா'ன்னு கத்திக்கிட்டு. படம் நல்லா ஓடுச்சு. ஆனா அடியில இங்கிலீஷ் எழுத்து வரல. சரி, மணவாளன் சார் இருக்காரே, ரஷ்யாவுல ரெண்டு வருஷம் படிச்சவரு, மைக்குல தமிழ்ல சொல்லிடுவாருன்னு அவருக்கு போன் பண்ணிச் சொன்னேன். சாயங்காலம் டி.வி.டி.யை பீரோவுல வெச்சுப் பூட்டினோம். காலைல பாத்தா வெறும் பெட்டிதான் இருக்குது."

"சாவி?"

"ஒண்ணு எங்க மன்றத்துல படம் ஓட்டுற அன்பரசுகிட்ட. இன்னொண்ணு டிபார்ட்மெண்ட் ஆணியில தொங்கும், யாரு வேணா எடுக்கலாம். பிரின்சிபால் அதைக் கேக்கவே மாட்டேங்குறாரு. ரெண்டு மணிக்குள்ள டி.வி.டி. வரலன்னா அன்பரசை ஹாஸ்டலவிட்டு அனுப்பிடுவேன்னுட்டாரு. பெண்ணாடத்துல அவங்கப்பா கரும்பு வண்டி ஓட்டறாரு மேடம். அவங்க வீட்ல காலேஜுக்கு வந்த முதல் ஆளு அவன்தான்."

அவள் கொண்டுவந்திருந்த பெட்டியை லோகநாயகி வாங்கிப் பார்த்தார். ராணுவத் தொப்பி போட்ட ஒரு செவிலிப் பெண் படம். மேலே பெரிதாக நான்கு எழுத்து, ஆங்கில எழுத்துகள் போலவே: பி, இ, பி, ஏ.

"மதியத்துக்கு மேல எனக்கு அரைநாள் லீவு போட்டுடு பாலகுமார்" என்றார் லோகநாயகி. "அந்த மேசை டிராயர்ல என் ஸ்டாம்ப் ஆல்பம் இருக்கும், அதையும் எடுத்துக்க."

துப்பறியப் போகும்போது தபால்தலை ஆல்பம் எதற்கு என்று பாலகுமாருக்குப் புரியவில்லை. இருந்தாலும் எடுத்துக்கொண்டான்.

கல்லூரி அறிவிப்புப் பலகையின் முன்னால் லோகநாயகி நின்றுவிட்டார். அழகான கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இன்று மூன்றாவது படம். போர்முனையில் செவிலி பெபாவின் வீரக் கதை! உடனுக்குடன் தமிழில் விளக்குபவர் பேராசிரியர் மணவாளன்.'

"இது யார் எழுதினது?"

"சார்தான் மேடம். நேத்து சாயங்காலம் பெட்டியைப் பாத்துட்டு அவரே எழுதி ஒட்டினாரு" என்றாள் சிந்துஜா.

அதற்குள் பாலகுமார் உள்ளே போய், அட்டெண்டர் கோவிந்தசாமியைப் பிடித்துவிட்டான்.

"நேத்து நீங்க, 'நாளைக்கு இந்தப் படம் ஓடாது பாரு'ன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன்! ரெண்டு நாளா பீரங்கி வெடிச்சு ஜன்னல் கண்ணாடியெல்லாம் தடதடங்குது. உடைஞ்சா நான்தான பதில் சொல்லணும்? அதுக்கு நான் திருடுவனா?" என்று அவர் குதித்தார்.

"இவர்தான் மேடம்" என்று பாலகுமார் லோகநாயகியின் காதோடு சொன்னான்.

ஒன்றரை மணிக்கு பீரோ இருந்த அறையில் எல்லாரும் கூடினார்கள். அன்பரசு சுவரோரமாக நின்றான். காலையிலிருந்து அவன் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மணவாளன் தோல் பையை மடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

லோகநாயகி பாடம் நடத்துவதுபோல அமைதியாகத் தொடங்கினார்.

"கோவிந்தசாமிக்குப் படம் ஓடக்கூடாதுன்னா டி.வி.டி.யைத் தேடி வரவே வேண்டாம். ஹால் சாவி அவர் இடுப்புல இருக்குது, ஃபியூஸ் கட்டை அவர் கைக்குப் பக்கத்துல இருக்குது. அன்பரசுக்கு வேண்டாம்னா, நேத்து போட்டுப் பாத்தப்பவே 'இது ஓடல'ன்னு சொல்லியிருக்கலாம். மெஷினை ஓட்டறது அவன்தான, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ரெண்டு நாளு சும்மா இருந்த ஆளு மூணாவது படத்தை மட்டும் எதுக்கு எடுக்கணும்? அதுல என்ன வித்தியாசம்?"

"இங்கிலீஷ் எழுத்து இல்ல!" என்றான் பாலகுமார்.

"ஆமா. மைக்கைப் பிடிச்சு ஒருத்தர் தமிழ்ல சொல்லியாகணும்."

அவர் ஆல்பத்தைத் திறந்து ஒரு தபால்தலையைக் காட்டினார். மாஸ்கோ நகரத்துக் கோபுரப் படம். "ரஷ்யாக்காரங்க மாஸ்கோவை 'மாஸ்க்வா'ன்னுதான் எழுதுவாங்க. இங்க 'க்'குக்கு அப்புறம் இங்கிலீஷ் 'பி' மாதிரி, ரெண்டு சுழி வெச்ச எழுத்து இருக்குதா? அது 'வ'. சோவியத் நாட்டுப் பேரை இங்க சி.சி.சி.பி. மாதிரி போட்டிருக்காங்க பாருங்க, கடைசில இன்னொரு 'பி', ஒரே சுழி மேல வெச்சது. அது 'ர'." பிறகு பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தார். "இப்ப இதைப் படி சிந்துஜா."

"வ... வேரா! ரயிலுக்குப் பின்னாடி அந்தம்மா கூப்பிட்ட பேரு!"

"ஸ்டாம்ப் சேத்த எனக்கே இது தெரியுது. ரெண்டு வருஷம் அங்க படிச்சவங்க இதை 'பெபா'ன்னு படிக்க மாட்டாங்க" என்றார் லோகநாயகி. குரலை உயர்த்தவில்லை. "மிச்சத்தை நான் சொல்றதைவிட சம்பந்தப்பட்டவரே சொன்னா நல்லாயிருக்கும்."

மணவாளன் மெல்லப் பையைத் திறந்து, வருகைப் பதிவேட்டுக்குள்ளிருந்து டி.வி.டி.யை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பன்னெண்டு நாளும்மா. எண்பத்தாறுல ஒரு குழுவோட போனேன், அவ்ளோதான். தமிழ் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு கூடவே வந்து எல்லாத்தையும் சொல்லிச்சு. ஊருக்குத் திரும்பி வந்து ரஷ்யன்ல வணக்கம் சொன்னேன், எல்லாரும் அசந்துட்டாங்க. அந்தப் பன்னெண்டு நாளு வருஷா வருஷம் ஜாஸ்தியாகி ரெண்டு வருஷமாயிடுச்சு. திங்கக்கிழமை திரும்ப வெச்சுடலாம்னுதான் நெனச்சேன்."

கோவிந்தசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்பரசு சிரிக்கவில்லை.

"காலைலேருந்து எல்லாரும் என்னைத் திருடனா பாத்தாங்க சார். அப்ப நீங்களும் அங்கதான நின்னீங்க?"

மணவாளன் எழுந்து, அன்பரசின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனார். பத்து நிமிடத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். அன்பரசு கையில் ஒரு பொட்டலம் தயிர்சாதம் இருந்தது.

மூன்று மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. மணவாளன் மைக்கைப் பிடித்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பன்னெண்டு நாளே பெரிசு சார், நான் திட்டக்குடியத் தாண்டுனதில்ல!" என்று கத்தினான். கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. படம் தொடங்கியது.

திரையில் ஒரு மேஜர் எதற்கோ கோபமாகக் கத்தினார். மெஷின் பக்கத்தில் இருந்த அன்பரசு மைக்கை இழுத்து, "டீ கேட்டு எவ்ளோ நேரமாச்சு, எங்கடா போய்த் தொலைஞ்சீங்க?" என்றான். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. வேராவுக்குச் சிந்துஜா பேசினாள். சமையல்காரருக்குக் கோவிந்தசாமி பேசினார். கொஞ்ச நேரத்தில் அன்பரசே மைக்கை மணவாளனிடம் நீட்டினான். "மேஜர் உங்க வயசுதான் சார், நீங்க பேசுங்க."

மணவாளன் தயங்கினார், பிறகு வாங்கிக்கொண்டார்.

நாலரை மணிக்குப் பாலகுமார் மனசில்லாமல் எழுந்தான். மாலைத் தபால் பையைத் தலைமை அஞ்சலகத்தில் சேர்த்தாக வேண்டும். சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தடவை கழன்றது. அவன் திரும்பி வந்தபோது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசில என்ன ஆச்சு?" என்று சிந்துஜாவைக் கேட்டான்.

"யாரும் மைக்கே பிடிக்கல அண்ணே, சும்மா பாத்துக்கிட்டே இருந்தோம். அவ மேஜரைக் கட்டிக்கப் போறான்னு நெனைக்கிறேன்."

"இல்லண்ணே, அவ தம்பியைத் தேடிப் போறா" என்றான் அன்பரசு.

லோகநாயகி, "எனக்கென்னவோ அது தம்பி மாதிரி தெரியல" என்றார்.

பாலகுமார் மணவாளனிடம் போனான். "நீங்களாவது சொல்லுங்க சார், முடிவு என்ன?"

மணவாளன் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார்.