முதல் வடி

இராசசிங்கம் செத்துக் கிடந்தார்!

ஹரோல்ட் மாஸ்டரின் வீட்டுக் கோடிக் கொட்டிலில், வடிகலத்துக்குப் பக்கத்தில், கையில் கிளாஸோடு. வாயோரம் நுரை.

ஹரோல்ட் மாஸ்டர் வட்டுக்கோட்டையில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாட்டுக்குழுத் தலைவர். ஆனால் அந்தக் கொட்டிலில்...

ஜின்!

பனங்கள்ளைக் காய்ச்சி வடிப்பார். அதில் மல்லி, ஏலக்காய், தேசிக்காய்த் தோல் போட்டு மறுபடி வடிப்பார். ஜின்னுக்கு வாசம் தரும் ஜூனிப்பர் காய் மட்டும் கப்பலில் போன மருமகனின் உபயம். சனிக்கிழமை பின்னேரங்களில் சிநேகிதன் இராசசிங்கம் வந்துவிடுவார். இருவரும் சோடா விட்டு மிடறு மிடறாகக் குடித்தால் ஊர் உலகம் மறந்துபோகும்.

இன்றைக்குப் பாட்டுப் பயிற்சி முடிந்து மாஸ்டர் வரப் பிந்திவிட்டது. வந்து பார்த்தால் பிணம்.

இன்ஸ்பெக்டர் தியாகலிங்கம் பலகையில் 1, 2, 3 என்று சீட்டு ஒட்டியிருந்த மூன்று போத்தல்களையும் மோந்து பார்த்தார். ஒன்றில் மட்டும் மிளகாய்த் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தின் நாற்றம். மூன்றையும் சாக்கில் சுற்றி ஜீப்பில் வைத்துப் பூட்டினார்.

"உங்கடை கொட்டில். உங்கடை போத்தல். தூக்குக் கயிறுதான், மாஸ்டர்."

மாஸ்டரின் மனைவி வினிபிரட் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

எந்தப் போத்தலில் நஞ்சு என்று மாஸ்டர் கேட்டார். 1 என்று சீட்டு ஒட்டியிருந்தது என்றார் இன்ஸ்பெக்டர்.

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"அது முதல் வடி. முதல்லை வாறதை ஒருத்தரும் குடிக்கிறேல்லை. தொண்டை எரியும், தலை பிளக்கும். நடுவிலை வாறதைத்தான் குடிக்கிறது."

கடைசியாக வருவதை அடுத்த காய்ச்சலில் சேர்ப்பார்களாம். முதல் வடியால் தான் ஹார்மோனியக் கட்டை துடைப்பதாக வினிபிரட் அழுதுகொண்டே சொன்னாள். அதை உள்ளங்கையில் தேய்த்து, மோந்து, பிரித்து வைப்பதே இராசசிங்கம்தானாம்.

"அந்த முதல் வடியை அவன் செத்தாலும் குடியான், ஐயா," என்றார் மாஸ்டர்.

தியாகலிங்கம் யோசித்தார்.

அப்படியானால்... பிணத்தின் கையில் கிளாஸைத் திணித்தவன் வேறு யாரோ! குடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவன்!

வாசலில் சனம் கூடியிருந்தது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார் செபநாயகம். பழைய போஸ்ட்மாஸ்டர், மதுவிலக்குச் சங்கத் தலைவர். இராசசிங்கத்தின் பக்கத்து வளவுக்காரர். வேலி வழக்கில் போன கிழமைதான் அவரிடம் தோற்றிருந்தார்.

இப்போதுதான் கேள்விப்பட்டேன் என்றார். குடியின் கேட்டைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார்.

"கடைசியிலும் பாருங்கோ, திறமானதாப் பாத்து, அந்த முதல் போத்தலைத்தானே எடுத்துக் குடிச்சிருக்கிறான்."

தியாகலிங்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"போத்தல் மூண்டும் என்ரை ஜீப்பிலை கிடக்கு, போஸ்ட்மாஸ்டர். எதிலை நஞ்செண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

செபநாயகத்தின் முகம் வெளுத்தது. சனத்தைப் பார்த்தார். படலையைப் பார்த்தார். படலையில் கான்ஸ்டபிள் நின்றான்.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. சமாதானம் பேச வந்ததாகச் சொல்லி, கொட்டிலுக்கே கொண்டுவந்த மல்லிக்கோப்பியில் நஞ்சு கலந்து கொடுத்ததை ஒப்புக்கொண்டார். பழியை ஜின்னின் தலையில் போடப் போத்தலிலும் ஊற்றினாராம். ஒன்றுதான் அவருக்கு விளங்கவேயில்லை.

"அறுப்புத் திருநாளிலை முதற்பலனைத்தானே கர்த்தருக்குக் குடுக்கிறம்... முதல் வாறதுதானே திறம்?"

தியாகலிங்கம் அவர் கையில் விலங்கை மாட்டினார்.

"வாழ்நாளிலை ஒருக்கா, ஒரேயொரு மிடறு குடிச்சிருந்தாலும் நீங்கள் தப்பியிருப்பியள், ஐயா!"